வீரனுக்கு மருந்து



சென்ற முறை வல்லினம் மிகும் இடங்களைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை இலக்கணத்திற்குச் சற்று ஓய்வு கொடுத்துவிட்டு, ஒரு பூனைக்கு மருந்து கொடுத்த செய்தியை எழுத விரும்புகிறேன். தமிழாசிரியைக்குப் பூனை வைத்தியம் எதற்கு என்று சிலர் நகைக்கலாம். நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பூனை இல்லாத லயத்தைக் காண்பது அரிது. அப்பூனைகளுக்கு வருகின்ற ஒரு தொற்றுநோய் நம் வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் தொடக்கூடியது. அதற்கு நல்ல மருந்து உண்டு. அம்மருந்தை அஞ்சி நடுங்கும் ஒரு பூனையின் வயிற்றுக்குள் நாள் தவறாமல் சேர்ப்பதுதான் கடினம். எங்கள் அனுபவம் யாருக்கேனும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வீரனின் மூக்கில் ஒரு புண்

ரந்தாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய லயத்தில் பாட்டி ஒருவர் தனியாக வாழ்ந்து வருகின்றார். வயது 68-ஐக் கடந்தவர். ரப்பர் இருந்த காலத்தில் பால்மரம் சீவியவர். கணவர் மறைந்துவிட்டார்; மகனுக்கு ஜொகூரில் வேலை. பாட்டிக்குத் துணை, சாம்பல் நிறத்தில் கறுப்பு வரிகள் ஓடும் ஒரு கடுவன் பூனை. அதன் பெயர் வீரன். பூனை அஃறிணையே ஆயினும் பாட்டி அதனை 'அவன்' என்றுதான் சொல்வார். உவப்பினால் அஃறிணையை உயர்திணையாகச் சொல்லுவதைத் திணை வழுவமைதி என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொள்வதால், நானும் இனி அவன் என்றே எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீரனின் மூக்குத்தண்டில் ஒரு புண் தோன்றியது. கடுவன் பூனைகள் இரவில் சண்டையிடுவதும் கீறலோடு திரும்புவதும் வழக்கம் என்பதால் யாரும் பெரிதாக எண்ணவில்லை. பாட்டி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். அவன் நக்கி எடுத்துவிட்டான். மூன்று வாரங்களில் மூக்கு வீங்கிப் பருத்தது. காதிலும் முன்னங்காலிலும் புதிய புண்கள் கிளம்பின. மூச்சு விடும்போது கரகரவென்று ஓசை கேட்டது. தும்மினால் இரத்தம் கலந்து சளி தெறித்தது.

சிரம்பானில் ஒரு கால்நடை மருத்துவரிடம் வீரனை எடுத்துச் சென்றோம். அவர் கண்ணாடித் தகடு ஒன்றினைப் புண்ணின்மேல் மெல்ல ஒற்றி எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நீள்வட்டமாகவும் சுருட்டு வடிவிலும் பூஞ்சை அணுக்கள் எண்ணற்றுக் கிடந்தன. நோயின் பெயர் ஸ்போரோதிரிக்கோசிஸ் என்றார்.

தொழிலாளர்களை அறிந்த நோய்

பெயர் புதிதாக இருந்ததால் வீட்டுக்கு வந்ததும் படித்துப் பார்த்தேன். 1898-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பயின்றுகொண்டிருந்த பெஞ்சமின் ஷெங்க் என்ற மாணவர் இந்நோயை முதன்முதலாக விவரித்து எழுதினார். அதனால்தான் அப்பூஞ்சைக்கு ஸ்போரோதிரிக்ஸ் ஷெங்கியை என்ற பெயர் அமைந்தது. மண்ணிலும் மக்கும் இலைதழையிலும் மரத்திலும் அது நூலிழைபோல் வளர்கிறது. முள்ளோ மரச்சிராயோ குத்தி உடலுக்குள் நுழைந்ததும், உடற்சூட்டில் வடிவம் மாறி, ஈஸ்ட் அணுக்களாகப் பெருகுகிறது. ரோஜாச் செடி வளர்ப்போரிடம் காணப்பட்டதால் ரோஜாத் தோட்டக்காரர் நோய் என்றும் அதனை அழைப்பர்.

ரோஜா வளர்த்தவர்களைக் காட்டிலும் கூலி வேலை செய்தவர்களையே இந்நோய் பெரிய அளவில் தாக்கியிருக்கிறது. 1940-களில் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் ஏறத்தாழ 3,000 தொழிலாளர்களுக்கு இது தொற்றியது. சுரங்கத்தைத் தாங்கி நின்ற மரத்தூண்களில் பூஞ்சை வளர்ந்திருந்தது. அம்மரங்களுக்குப் பூஞ்சைக்கொல்லி இட்ட பின்னரே அங்கு நோய் அடங்கியது.

மண்ணிலிருந்து வரும் இந்நோய், பூனையின் வழியாகவும் மனிதருக்கு வருகிறது. பூனையின் புண்ணில் பூஞ்சை அணுக்கள் மிகுதியாக இருக்கும். அப்பூனை கீறினாலோ கடித்தாலோ, புண்ணின் நீர் நம் தோலிலுள்ள சிறு காயத்தில் பட்டாலோ போதும். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் 1990-களின் இறுதியிலிருந்து பூனைகள் வழியாகப் பல்லாயிரவர் பாதிக்கப்பட்டனர். அங்கே பரவுவது இதன் உறவான வேறொரு பூஞ்சை. மலேசியாவில் மனிதருக்கு இந்நோய் வந்தால், தோல் மருத்துவர்கள் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, "வீட்டில் பூனை இருக்கிறதா?" என்பதாகும்.

கால்நடை மருத்துவர் எங்களிடம் இரண்டு செய்திகளை அழுத்தமாகச் சொன்னார். ஒன்று, மருந்து உண்டு. இட்ராகோனசோல் என்னும் குளிகை. அதனை நாள்தோறும் பல மாதங்கள் கொடுக்க வேண்டும். புண் ஆறியதும் நிறுத்திவிடக் கூடாது; ஆறிய பின்னும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். மற்றொன்று, பாதி மருந்து கொடுத்து விட்டுவிடுவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். புண்ணோடு அலையும் பூனை மற்ற பூனைகளுக்கும் மனிதருக்கும் நோயைக் கொண்டுசேர்க்கும். நாள் தவறாமல் கொடுக்க இயலாதென்றால், துன்பமின்றி அவன் உயிரை முடித்துவிடுவதே நல்லது என்றார். பாட்டி என் முகத்தைப் பார்த்தார்.

லயத்தின் அச்சம்

செய்தி லயத்தில் பரவியது. மாரியம்மன் கோவில் முன்பு சிலர் கூடினர். சிறு பிள்ளைகள் இருக்கும் இடம். பூனையைச் சாக்கில் கட்டிச் செம்பனைக் காட்டுக்குள் விட்டுவிட வேண்டும் என்றார் ஒருவர். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல என்னால் முடியாது. நெகிரி செம்பிலானில் வாழ்வோர் விலங்கு நோயின் கொடுமையைக் கண்ணால் கண்டவர்கள். 1998-இல் பேராக்கில் தொடங்கி, 1999-இல் எங்கள் மாநிலத்தின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரங்களைச் சூறையாடிய நிப்பா வைரஸை யார் மறப்பர்? நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்த வைரஸ் தன் பெயரையே சுங்கை நிப்பாவிலிருந்துதான் பெற்றது. அக்காலத்தில் போர்ட்டிக்சன் சாலையில் பேருந்தின் சன்னலைக்கூடத் திறக்க அஞ்சியதாகப் பெரியவர்கள் இன்றும் சொல்வர்.

ஆகவே அவர்களுடைய அச்சத்தை மறுக்காமல், உண்மையை எடுத்துச் சொன்னேன். இது நிப்பா அன்று. இதற்கு மருந்து உண்டு. தொடாமலும் கீறப்படாமலும் இருந்தால் பரவுவது அரிது. காட்டுக்குள் விட்டால் அவன் அங்கேயே இறந்து மண்ணில் பூஞ்சையைச் சேர்ப்பான். அல்லது இரவில் பழைய இடத்திற்கே திரும்பி வருவான். என் வீட்டின் பின்புறம் கம்பிவலை அடித்த பழைய விறகுக் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் அவனை அடைத்துவைத்து மருந்து கொடுப்பதாகவும், பிள்ளைகள் ஒருவரும் அருகில் வராமல் பார்த்துக்கொள்வதாகவும் உறுதி கூறினேன். ஒரு மாதம் பொறுப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் புண் சிறுக்காவிட்டால் அவர்கள் சொன்னதுதான் முடிவு. மார்ச் 4-ஆம் நாள் வீரன் கொட்டகைக்கு வந்தான்.

சாக்கும் பெரட்டும்

அதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருந்தது. பாட்டியின் உறவுக்காரப் பையன் நல்லெண்ணத்தோடு வந்து, வீரனைச் சாக்கில் சுருட்டி, முழங்காலால் அழுத்தி, வாயைப் பிளந்து குளிகையைத் திணித்திருக்கிறான். வீரன் வாயில் நுரை தள்ளியது. குளிகை வெளியே வந்து விழுந்தது. பையனின் மணிக்கட்டும் உதவிக்கு நின்ற பாட்டியின் விரலும் கீறுபட்டன. அன்று முதல் சாக்கைக் கண்டாலும், ஆண்களின் செருப்போசை கேட்டாலும், வீரன் மூலையில் ஒடுங்கிவிடுவான். கண்மணி விரிந்து கண் முழுதும் கறுப்பாகும்; காதுகள் பின்னோக்கிப் படியும்; வால் உடலோடு ஒட்டிக்கொள்ளும்; மூச்சு வேகமாகும். அவனை முரட்டுப் பூனை என்றனர். எனக்கு அது முரடாகத் தெரியவில்லை. முதல்நாள் வகுப்பில் அம்மாவின் முந்தானையை விடாத பிள்ளையின் முகத்தை ஆண்டுதோறும் பார்க்கிறவள் நான்.

இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் தம் தகப்பனார் சொன்ன கதையை நினைவுகூர்ந்தார். போருக்கு முந்திய காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் மலேரியா மிகுதி. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அப்போதே கொயினா மருந்தையும் ஊற்றுவார்களாம். கசப்புத் தாங்காமல் வாயில் ஒதுக்கிவைத்துக்கொண்டு போய் மரத்தடியில் துப்பியவர்கள் பலராம். துப்பாதிருக்க வாயைத் திறந்து காட்டச் சொல்வார்களாம்.

"நல்ல மருந்துதான் டீச்சரம்மா. ஆனா மாட்டுக்கு ஊத்துற மாதிரி ஊத்துனா யாருக்குத்தான் முழுங்கத் தோணும்?" என்றார் பாட்டி.

மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதனை எனக்குப் பாட்டி சொல்லித் தந்தார். கொடுக்கும் கையைக் கண்டு நோயாளி அஞ்சினால், அம்மருந்து ஒருநாள் உள்ளே போகும், மறுநாள் போகாது. வீரனுக்கோ ஒருநாளும் தவறக் கூடாது.

கொட்டகையில் முதல் பத்து நாட்கள்

நல்வாய்ப்பாக அப்போது பள்ளி விடுமுறை. முதல் வேலையாக ஒரு மைலோ அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வழி வெட்டி, கொட்டகையின் மூலையில் வைத்தேன். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், காப்பகத்திற்குப் புதிதாக வந்த பூனைகளுள் ஒளிந்துகொள்ளப் பெட்டி பெற்றவை, பெறாதவற்றைவிட விரைவில் அமைதியடைந்தன என்று கண்டிருக்கின்றனர். பெட்டிக்குள் இருக்கும் பூனையை ஒருபோதும் இழுத்து வெளியே எடுப்பதில்லை என்பதை விதியாக வைத்துக்கொண்டேன். அந்த இடம் அவனுக்கு மட்டுமே உரியது.

இரண்டாவது வேலை, என்னைக் காத்துக்கொள்வது. முழங்கை வரை மூடும் சட்டை, இரட்டைக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி. அவன் தும்மினால் சளி தெறிக்கும் அல்லவா? கொட்டகைத் தரையையும் உணவுத் தட்டையும் நாள்தோறும் நீர் கலந்த வெளுப்பானால் கழுவினேன். இந்தக் கோலத்தில் என்னைக் கண்டால் மனிதரே அஞ்சுவர், பூனை அஞ்சாதா? எனவே முதல் இரண்டு நாட்கள், மருத்துவர் இசைவோடு, குளிகையை எடுக்கவே இல்லை. கவசத்தோடு உள்ளே போய், அவனுக்குப் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து, கட்டுரை நோட்டுகளைத் திருத்தினேன். முகத்தோடு முகம் பார்த்தால் பூனைக்கு அது மிரட்டல். தற்செயலாகக் கண்கள் சந்தித்தால் மெல்ல மூடி மெல்லத் திறந்தேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனிதர் இவ்வாறு கண்ணிமைத்தால் பூனைகளும் பதிலுக்குக் கண்ணிமைக்கின்றன. அவ்வாறு செய்பவரை நெருங்கவும் விழைகின்றன. இரண்டாம் நாள் மாலை வீரன் ஒருமுறை பதில் கொடுத்தான்.

பிறகு உணவு. கசப்பு மருந்தென்றால் நாம் தேனிலோ வெல்லத்திலோ குழைத்துக் கொடுப்போம். பாட்டியும் பனங்கற்கண்டோடுதான் வந்தார். அது பூனையிடம் செல்லாது. பூனைக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணரும் ஏற்பியை ஆக்கும் மரபணு பூனையினத்தில் பழுதுபட்டுக் கிடக்கிறது. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு நிலையத்தினர் 2005-இல் இதனைக் கண்டறிந்தனர். புலிக்கும் சிறுத்தைக்கும் அவ்வாறே. பூனையை மயக்குவது மணமும் ஊன்சுவையும்தான். மூக்கடைத்த வீரனுக்கோ மணமும் எளிதில் எட்டாது. ஆகவே கெம்போங் மீனை வேகவைத்து, முள் எடுத்து, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் இளஞ்சூடாகக் கொடுத்தேன். சூடு இருந்தால் மணம் எழும்.

மூன்றாம் நாள் முதல் மருந்து. மருத்துவர் சொல்லித்தந்த முறை இது. மீனைச் சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். முதல் உருண்டையில் மருந்து இல்லை. இரண்டாவதில், குளிகையைத் திறந்து உள்ளிருக்கும் சிறு மணிகளைப் பொதிந்து வைக்க வேண்டும். மூன்றாவதிலும் மருந்து இல்லை. முதலாவது நம்பிக்கை தரும். இரண்டாவதை மெல்லும்போதே மூன்றாவதன் மணம் மூக்கருகில் வந்துவிடுவதால், நின்று ஆராய நேரம் இராது. இம்மருந்து உணவோடு சேர்ந்தால்தான் உடலில் நன்கு ஏறும் என்பதால் இது இரட்டை நன்மை. எல்லாக் குளிகைகளையும் இப்படித் திறக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும். கருவுற்ற பெண்கள் இந்த மருந்தைக் கையாளக் கூடாது என்றும் அவர் எச்சரித்தார்.

நீண்ட கரண்டியின் நுனியில் முதல் உருண்டையை வைத்துப் பெட்டியின் வாயிலுக்கு நீட்டினேன். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வரிபோட்ட ஒரு முகம் வெளியே வந்தது. மூன்று உருண்டைகளும் முடிந்தன. கம்பிவலைக்கு வெளியே நின்ற பாட்டி, கையிலிருந்த பென்சிலால் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டார்.

ஒன்பதாம் நாள் சோதனை வந்தது. டிங்கிக் காய்ச்சலுக்காகக் கொசுப்புகை அடிக்க வண்டி வந்தது. வீரனை முன்னதாகவே கூண்டோடு வீட்டுக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தியிருந்தேன். இருந்தும் எந்திரத்தின் இரைச்சல் சுவரைத் துளைத்தது. அன்று அவன் உண்ணவில்லை. மறுநாளும் உண்ணவில்லை. மனிதர் இரண்டு நாள் நோன்பிருக்கலாம். பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தாலே உடற்கொழுப்பு ஈரலில் திரண்டு உயிருக்கே இடராகும். இப்பொழுதுதான் கட்டாயப்படுத்தும் ஆசை பிறக்கும். அக்கம்பக்கத்தாரும் அதையே சொன்னார்கள். மருத்துவரை அழைத்தேன். அவர் பசியைத் தூண்டும் மருந்தாகிய மிர்டாசபின் கொடுத்துவிட்டு, கட்டாயப்படுத்தாதீர்கள், முதல் நாள் செய்ததையே மீண்டும் செய்யுங்கள் என்றார். பக்கவாட்டாக உட்கார்ந்தேன், நோட்டுகளைத் திருத்தினேன். பதினோராம் நாள் காலை அவன் பெட்டியிலிருந்து வெளியே வந்து தட்டை நக்கினான். நாட்காட்டியில் இரண்டு கட்டங்கள் மட்டும் வெறுமையாக நின்றன.

ஒரே குளிகை, இரண்டு நோயாளிகள்

மார்ச் மாதம் முடிவதற்குள் காதுப் புண்ணில் பொருக்குத் தட்டியது. மூக்கின் வீக்கம் வடிந்தது. லயத்தார் கொடுத்த ஒரு மாதத் தவணை முடிந்தபோது, காட்டில் விடச் சொன்னவரே கம்பிவலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "சரி, நடக்கட்டும்" என்று சொல்லிப் போனார்.

ஏப்ரலில் பாட்டியின் விரலில், முன்பு கீறுபட்ட இடத்தில், வலியில்லாத கட்டி ஒன்று எழுந்து உடைந்தது. பின்னர் புறங்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு. நிணநீர் ஓடும் வழியிலேயே வரிசை பிடித்து ஏறுவது இந்நோயின் அடையாளம். பாட்டிக்கு இனிப்பு நீர் வேறு உண்டு. அத்தகையோரிடம் நோய் ஆழமாகப் பரவ வாய்ப்பு மிகுதி. அன்றே அவரைச் சிகிச்சையகத்திற்கு அழைத்துச் சென்று, பூனையின் நோயையும் மருத்துவரிடம் சொன்னேன். சிரம்பான் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள். சிறு தசைத்துண்டை எடுத்து வளர்த்துப் பார்த்து நோயை உறுதிசெய்தனர்.

கொடுத்த மருந்து, இட்ராகோனசோல். பாட்டி அந்தக் குளிகையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் அவனுக்கும் ஒரே மருந்தா?" என்று கேட்டுச் சிரித்தார். அளவுதான் வேறு. அவர் அருந்திவந்த கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் இம்மருந்தோடு சேரக்கூடாதது, தசைகளைக் கெடுக்கும். ஆகவே மருத்துவர் அதனை நிறுத்திவைத்தார். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்தையும் இதனோடு சேர்க்க வேண்டாம் என்றார். வேறு மருந்து அருந்துகின்ற பெரியவர்கள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் எடுத்துக் காட்டுவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை அன்று கண்டேன்.

அப்போதுதான் வேறொன்றும் வெளிப்பட்டது. இனிப்பு நீருக்குக் கொடுத்த மாத்திரைகள் பாட்டியின் பிஸ்கட் டின்னில் மாதக்கணக்கில் சேர்ந்து கிடந்தன. வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்தியிருக்கிறார். கேட்டால் திட்டுவார்கள் என்று சொல்லவில்லை. பூனைக்கு ஒருநாள் தவறினாலும் பதறுபவர், தம் மருந்தைத் தொடவே இல்லை! கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. சாக்கைக் கண்ட வீரனின் கண்கள்தாம் நினைவுக்கு வந்தன. மருத்துவரிடம் பாட்டியின் சார்பில் எடுத்துச் சொன்னோம். அவர் திட்டவில்லை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைக்கு மாற்றி, உணவுக்குப் பின் அருந்தச் சொன்னார்.

மறுநாள் முதல் காலை ஆறரை மணிக்குப் பாட்டி தம் பசியாறலையும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். வலைக்கு அப்பால் வீரன் மூன்று உருண்டைகளையும் முடிப்பான். "அவன் முழுங்கட்டும், அப்புறம் நானு" என்று சொல்லிவிட்டு, இவர் தோசையை முடித்துத் தம் குளிகைகளை விழுங்குவார். நாட்காட்டியில் இப்போது கட்டத்திற்கு இரண்டு கோடுகள். பள்ளி திறந்த பின்னர், நான் மணியடிப்பதற்குள் ஓட வேண்டிய நாட்களிலும் இது நிற்கவில்லை.

ஜூன் 23-ஆம் நாள் வீரனின் கடைசிப் புண்ணும் மூடியிருந்தது. 112-ஆவது நாள். குணமாயிற்றே, இன்னும் எதற்கு என்று பலர் கேட்டனர். மருத்துவர் சொன்னபடி தொடர்ந்தோம். இம்மருந்து ஈரலைப் பாதிக்கக் கூடியது என்பதால் இடையில் இருமுறை இரத்தம் சோதித்தார். ஆகஸ்டு 4-ஆம் நாள், 154-ஆவது நாள், மருந்தை நிறுத்தினோம். பிறகு வீரனுக்குக் கருத்தடை அறுவை செய்தோம். சண்டைக்கு அலைவது குறைந்தது. மூக்கில் முடி முளைக்காத ஒரு வடு மட்டும் நிற்கிறது. பாட்டிக்கும் கையில் நான்கு வடுக்கள். அவருடைய குளிகை செப்டம்பரில் முடிந்தது. இனிப்பு நீர் மாத்திரைக்கான கோடுகளை இன்றும் நாட்காட்டியில் போட்டுவருகிறார். அதற்கு முடிவு நாள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பூனை வளர்ப்போர் கவனத்திற்கு

1. பூனையின் முகத்திலோ காலிலோ இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால், சண்டைக் காயம் என்று விட்டுவிடாதீர். கையுறையின்றித் தொடாதீர், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. மனித மருந்துகளைத் தாமாகக் கொடுக்காதீர். பாராசிட்டமோல் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். அதன் ஈரலால் அம்மருந்தைச் சமாளிக்க இயலாது. தைலங்களையும் பூசாதீர், பூனை நக்கிவிடும்.

3. பிடரியைப் பிடித்துத் தூக்கி மருந்து கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். அமெரிக்க, அனைத்துலகப் பூனை மருத்துவக் கழகங்கள் இணைந்து 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதனைத் தவிர்க்கச் சொல்கிறது.

4. மாத்திரையை நேரடியாக வாயில் இட வேண்டியிருந்தால், உடனே சிறிது நீரோ ஒரு கவள உணவோ கொடுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரைகள் உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும்.

5. உணவில் கலந்தால், சிறிதளவு உணவில் மட்டும் கலந்திடுங்கள். தட்டு முழுவதும் மருந்து நாறினால் பூனை அந்த உணவையே வெறுத்துவிடும்.

6. உங்களைப் பூனை கீறியிருந்து, பிறகு கையில் கட்டிகள் வரிசையாக எழுந்தால், பூனையைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பிஸ்கட் டின்னை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே மாத்திரைகள் சேர்ந்து கிடந்தால் குரலை உயர்த்தாதீர். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று கேளுங்கள்.